மிரேலா சொன்ன காலை வணக்கம்

போன ஞாயிற்றுக்கிழமை தயாளன் சாப்பிட வந்திருந்தான். வேப்பம்பட்டிலிருந்து ரயில், பஸ் எல்லாம் மாறி, காட்டுப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கு. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர்கள் நாங்கள். அவன் இன்ஜின் ரூம், நான் எலக்ட்ரீஷியன்.

மீன் குழம்பு உள்ளே போனதும் பழைய கதை வெளியே வந்தது.

ருமேனியாவில் ஒரு துறைமுகம். இன்ஜின் கோளாறு. ரிப்பேர் முடிய நாலு மாசம் அங்கேயே கிடந்தோம். வேலையில்லாத இருபது ஆண்கள்... சேட்டைக்குக் கேட்கவா வேண்டும்?

துறைமுக வாசலில் ஒரு ரொட்டிக்கடை. அங்கே ரொட்டி விற்கும் பெண் மிரேலா. எங்களைப் போலவே அரைகுறை இங்கிலீஷ். எங்கள் கப்பல் சமையல்காரர் தினமும் ரொட்டி சுட்டார். நானும் தினமும் காலையில் போய் ரொட்டி வாங்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஒருநாள் அவள் தயாளனிடம், குட் மார்னிங்கைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாள். படுபாவி, ஒரு வாக்கியத்தை மனப்பாடமே செய்ய வைத்துவிட்டான். மறுநாள் நான் போனதும், ரொட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, கண்ணெல்லாம் சிரிப்பாக மழலைத் தமிழில் சொன்னாள் —

"என்னைக் கட்டிக்கிறியா?"

ரொட்டி கைநழுவி விழுந்தது. வெளியே தயாளன் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அர்த்தம் சொல்லித் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. தினமும் அதைக் கேட்கவேண்டும் போலிருந்தது. அவள் கேட்பாள், நான் "குட் மார்னிங்" என்பேன். கப்பலுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் குரல் கூடவே வரும்...

கிளம்பிய அன்று வாசல்வரை வந்தாள். அதையே சொன்னாள். சிரிக்கவில்லை. அப்போது சாயங்காலம் நாலு மணி! நேரம் தெரியாமல் சொல்கிறாள் என்று நினைத்து, "குட் மார்னிங்" என்று கையசைத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டேன்.

இந்த இடத்தில் தயாளன் எப்போதும் சிரிப்பான். ஞாயிறன்று சிரிக்கவில்லை.

"மாமே, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? அந்தப் பொண்ணுக்கு அதோட அர்த்தம் தெரியும். பத்தே நாள்ல எங்கிட்ட வந்து கேட்டுச்சு. சொல்லிட்டேன்."

"தெரிஞ்சுமாடா தினமும் கேட்டா? என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சத்தியம் வாங்கிகினு போச்சுப்பா. அவராவே பதில் சொல்லட்டும்னுச்சு. நீ இன்னாடான்னா தெனிக்கும் குட் மார்னிங் சொல்லிகினு கீறே!"

அன்று அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள்?

மோர் கொண்டுவந்த என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாவங்க அந்தப் பொண்ணு" என்றாள். "ஏங்க... அன்னிக்கே தெரிஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

மோரை வாங்கிக்கொண்டு, "குட் மார்னிங்" என்றேன்.