இலைக்குள் இருந்த பூ

காலிஃபிளவரைச் சுற்றியிருந்த இலைகளை ஒடித்ததும் அந்தப் பச்சை வாசனை எழுந்தது. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடிக்கே போய்விட்டேன்.

எண்பதுகளில் ஒரு கார்த்திகை மாதம். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைத் தவிர வேறெதையும் விதைத்தறியாத அப்பா, ஊட்டி நண்பர் கொடுத்த காலிஃபிளவர் விதையைக் கிணற்றடியில் தூவினார். முளைத்ததில் பாதி அழுகிச் சாய்ந்தது. மீதியில் வெயிலுக்கும் புழுவுக்கும் தப்பி, அம்மா கட்டிய ஈரச் சாக்கின் நிழலில் வளர்ந்தது ஒரே ஒரு செடிதான்.

அதன் நடுவில் சுண்டைக்காய் அளவில் வெள்ளைப் பூ எட்டிப் பார்த்தது. வெயில் பட்டால் மஞ்சளாகிவிடும், இலைகளைச் சேர்த்துக் கட்டி மூடுங்கள் என்று நண்பர் சொல்லியிருந்தார். அப்பா வாழைநாரால் கட்டினார். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கட்டைப் பிரித்துக் காட்டினார். பால்காரருக்குக் காட்டினார். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற வழியில் இறங்கிய உறவுக்காரர்களையும் விடவில்லை.

"சும்மா சும்மா பிரிச்சிக்கினு இருக்காதீங்க," என்றாள் அம்மா.

"பாத்தா தேஞ்சா பூடும்?"

தேயவில்லை. மஞ்சளாகி, கிளைகிளையாகப் பிரிந்து, கடுகுச் செடி மாதிரி பூத்துவிட்டது. அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா அந்தப் பூக்களைக் கிள்ளி அங்காளம்மன் படத்துக்கு வைத்தாள்.

மறுநாள் பால்காரர் வந்ததும் அப்பா, "உள்ள வாங்க, வந்து பாருங்க," என்று படத்தின் முன்னால் கூட்டிப்போனார்.

இப்போது அடுப்பில் மஞ்சள் தண்ணீர் கொதிக்கிறது. பூவை நறுக்காமல் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்க்கிறேன். யாராவது வந்தால் காட்டலாம்.