மூக்குள்ள பூனை

மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். அவளுக்குச் சமைத்துப் போட மனைவியும் போனாள். சிவகாசி வீட்டில் மிச்சம் நானும் மகள் வளர்த்த பெர்சியன் பூனையும். என் மொக்கை ஜோக்குக்கு எழுந்து போகாத ஒரே ஆள் அதுதான்.

ஒரு சாயங்காலம் பக்கத்துப் பொட்டலில் யாரோ புது வெடியைச் சாம்பிள் பார்த்தார்கள். வழக்கமாக வெடித்தால் பூனை என் சட்டைக்குள் தலையை நுழைத்துக்கொள்ளும். அன்று புழுக்கம், நான் சட்டை போடவில்லை. ஜன்னல் வழியே போய்விட்டது.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன். அப்போது பூனைக் காலண்டர் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதனால் நீளமுடிப் பூனைகளில் நான் பண்டிதன். முகம் சப்பையானால் பெர்சியன். அதே முகத்தோடு காது, கால், வால் கறுத்து, கண் நீலமானால் ஹிமாலயன். காது நுனியில் குடுமி வைத்த பூதம் மெய்ன் கூன். தூக்கினால் ஈரத்துண்டாகத் தொங்குவது ராக்டால். ஒல்லி உடம்பும் பட்டு முடியும் என்றால் அங்கோரா.

என் போனில் இருந்த படங்களிலெல்லாம் பூனையின் வால்தான் இருந்தது. பதற்றத்தில் காலண்டரின் ஜூலை மாதப் பெர்சியனையே போட்டு, என் நம்பரோடு ‘காணவில்லை’ நோட்டீஸ் அடித்தேன். எங்கள் மெஷினில் ஆயிரத்துக்குக் குறைந்து ஓட்ட மாட்டார்கள். ஆயிரம், நாலு கலரில். சாத்தூர் வரை ஒட்டினேன்.

நாலு நாள் ஒரு போன் இல்லை. வீட்டில் எது உருண்டு விழுந்தாலும் அது நான் தட்டிவிட்டதாகவே இருந்தது.

ஐந்தாம் நாள் நாரணாபுரத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, எங்க வீட்டுல ஒரு பூனை அஞ்சு நாளாக் கெடக்கு. ஆனா ஒங்களதா இருக்காது.”

“ஏன் தாயி?”

“நோட்டீஸ்ல மூக்கையே காணோமே. இது மூக்கும் முழியுமால்ல இருக்கு!”

பெர்சியனில் மூக்கு எடுப்பான வகையும் உண்டு என்று, பூனையை வாங்கி வந்த அன்றே மகள் சொல்லியிருந்தாள். காலண்டரின் பன்னிரண்டு பக்கத்தில் ஒற்று விட்டதைக் கண்டுபிடித்தவன், வீட்டில் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

“வெடிச் சத்தம் கேட்டா என்ன செய்யுது?”

“அத ஏன் கேக்கீக! எஞ்சேலைக்குள்ள தலைய விட்டுக்கிருது.”

சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

பூனை வந்துவிட்டது. ஆனால் நோட்டீஸ் இன்னும் சுவர்களில் இருக்கிறது. நேற்று அச்சங்குளத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து கேட்டார்: “அண்ணாச்சி, பூனை கெடைச்சிருச்சா?”

மடியில் பூனை. “இன்னும் இல்லண்ணே,” என்றேன்.

“அடடா! மனசத் தளர விடாதீக. சாப்பிட்டீகளா?”

என்ன குழம்பு என்பதுவரை பேசினோம்.