புளூட்டோவுக்கு அப்பால் ஒரு பதிலி

எங்கள் மில் கேட்டில் இரண்டு வகை ஆட்கள்தான். பேர் உள்ளவர்கள், நம்பர் உள்ளவர்கள். நிரந்தரத் தொழிலாளி என்றால் டைம் ஆபீஸ்காரர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "என்னய்யா, மகளுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று விசாரித்து உள்ளே விடுவார். நாங்கள் பதிலிகள். நிரந்தர ஆள் எவராவது லீவு போட்டால் அந்த இடத்துக்கு ஓடுகிறவர்கள். சங்கு ஊதுவதற்கு முன்பே கேட்டுக்கு வெளியே கும்பலாக நிற்போம். உள்ளேயிருந்து நம்பர் வரும். வந்தவன் வேலைக்குப் போவான். வராதவன் எதிர்த்த டீக்கடைக்குப் போவான்.

ராஜபாளையத்தில் அந்தக் காலத்தில் மில்லுக்கும் பஞ்சமில்லை, பதிலிக்கும் பஞ்சமில்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். என் கூட்டாளி வன்னியம்பட்டியிலிருந்து சைக்கிளில் வருவான். அவனுக்குக் கார்டிங் பக்கம்தான் பெரும்பாலும் வேலை விழும். பஞ்சைச் சிக்கெடுக்கிற இடம் அது. தூசி பனிமூட்டம்போல நிற்கும். நிரந்தர ஆட்கள் அடிக்கடி லீவு போடுகிற இடமும் அதுதான். "அவிய இருமுனா நமக்குச் சோறு" என்பான். இப்படி வாயில் வருகிறதையெல்லாம் சொல்லிவிட்டு அவன் மறந்துவிடுவான். எனக்குத்தான் மறக்காது.

அவனுக்கு நிரந்தரம் ஆகவேண்டிய அவசரம் எங்கள் எல்லாரையும்விட அதிகம். தாய்மாமன் மகள் அவனுக்காகக் காத்திருந்தாள். மாமனும் நல்ல மனிதர்தான். பொங்கலுக்குப் பொங்கல் அவன் தோளில் கைபோட்டு, "மாப்ள, பர்மனென்ட்டுனு ஒரு வார்த்தை வரட்டும், மறு முகூர்த்தத்துல வச்சிருவோம்" என்பார். அந்தப் பெண்ணை நான் ஒரே ஒரு தடவை, ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். இவனைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மிச்சப் படிப்பெல்லாம் டீக்கடைப் பேப்பரில்தான். நம்பர் வராத நாட்களில் பேப்பரைச் சத்தம்போட்டு வாசிப்பது என் வேலை. அப்படித்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, உள்பக்கத்து மூலையில் ஒரு சின்னச் செய்தியை வாசித்தேன். சூரியக் குடும்பத்தின் ஓரத்தில், புளூட்டோவுக்கும் அப்பால், இரண்டு பேர் பல வருஷம் தேடி ஒரு சின்னஞ்சிறு பொருளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

"பேரு என்னவாம்?" என்றார் டீக்கடை அண்ணாச்சி.

பேர் இல்லை. கண்டுபிடித்த வருஷம், இரண்டு இங்கிலீஷ் எழுத்து, ஒரு நம்பர், அவ்வளவுதான். சில வருஷம் விடாமல் பார்த்து, இது இன்ன பாதையில்தான் போகிறது என்று உறுதியான பிறகே பேர் வைப்பார்கள். நடுவில் கண்ணுக்குத் தட்டுப்படாமல் போனால் திரும்பவும் முதலிலிருந்து தேடவேண்டும்.

கூட்டாளி கிளாஸைக் கீழே வைத்தான். "ஏலே, அதத் திரும்ப வாசி."

வாசித்தேன்.

"நம்பர் குடுத்திருக்கான், பேரு குடுக்கல. ஒழுங்கா வாரானான்னு பாத்துட்டுத்தான் குடுப்பான். அப்ப அவனும் பதிலிதாம்லே!"

கடையே சிரித்தது. "சூரியனை ஒருதரம் சுத்திவர முந்நூறு வருஷத்துக்குக் கிட்ட ஆகுமாம்" என்று மிச்சத்தையும் வாசித்தேன்.

"ஒரு ஷிப்டே முந்நூறு வருஷமா?" என்றார் எங்களோடு நிற்கிற இன்னொரு பதிலி, நாங்கள் பாய் என்று கூப்பிடுகிறவர். "அவன் மொதலாளி நம்ம மொதலாளியத் தூக்கிச் சாப்பிட்ருவான் போலயே."

"நாமளே ஒரு பேரு வைப்போம்" என்றார் அண்ணாச்சி. "அம்புட்டுத் தூரத்துல, எல்லையில தன்னந்தனியா நிக்காரு. அய்யனார்னு வைங்கப்பா."

கூட்டாளி ஒத்துக்கொள்ளவில்லை. "அய்யனாருக்கு மலையில கோயில் இருக்கு, அருவி இருக்கு, பூசாரி இருக்காரு. அவரு பர்மனென்ட் அண்ணாச்சி. பதிலிக்கு அவரு பேர வச்சா சாமி கோவிச்சுக்கிடும்."

"எங்கள்ல புள்ள பொறந்த ஏழாம் நாளே பேரு வச்சிருவோம்" என்றார் பாய்.

"அது புள்ள பாய். இது மில்லு."

"அப்ப 'நாளைக்கு வா'ன்னு வச்சிருங்க. கேட்ல நமக்கு அவன் வச்ச பேரு அதான?"

அன்றிலிருந்து அது எங்கள் ஆள் ஆகிவிட்டது. மேற்கே மலைக்குமேல் வானத்தைக் காட்டி, "நம்மாளு அங்கிட்டுத்தான நிக்கான்?" என்பான் கூட்டாளி. எந்தத் திசை என்று எனக்கு மட்டும் தெரியுமா? ஆமாம் என்பேன். "அவனுக்குப் பேரு வைக்கட்டும், நமக்கும் வந்துரும் பாரு" என்று முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னான். பிறகு எப்போது அது வேடிக்கை இல்லாமல் ஆனது என்று தெரியவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பான், "பேரு வச்சாச்சாலே?" நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் போய்ப் பேப்பர் பேப்பராகப் புரட்டுவேன். ஒன்றும் இருக்காது.

எங்களுக்கும் ஒன்றும் இருக்காது. விட்டுப்போகாமல் இத்தனை நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் ஆக்கவேண்டும் என்று சட்டம் இருந்தது. அந்தக் கணக்கு நெருங்கும் சமயம் பார்த்து எங்கள் நம்பரைக் கூப்பிட மாட்டார்கள். கேட்டிலேயே நிற்போம். கண்முன்னால்தான் நிற்போம். ஆனாலும் கணக்கில் காணாமல்போய்விடுவோம். பிறகு முதலிலிருந்து. ஒவ்வொரு தடவையும் அவன் வன்னியம்பட்டிக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டே போவான். ஏறி மிதித்தால் சீக்கிரம் வீடு வந்துவிடும். வந்தால் ஆத்தாள் முகத்தைப் பார்க்கவேண்டும்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒருநாள் பேப்பரில் மறுபடியும் அந்தச் சங்கதி வந்தது. அதே தூரத்தில் இன்னும் பல பொருள்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். முதலாவதற்குப் பேர் வைத்ததாக ஒரு வரி இல்லை.

"மொதல்ல சேந்தவனுக்கே பேரு வைக்கல. அதுக்குள்ள புது ஆள் எடுக்கானா?" என்றான் அவன்.

யாரும் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் மில்லில் கான்ட்ராக்டர் மூலமாக வெளியூர் ஆட்களை வேனில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அவர்கள் கேட்டில் நிற்காமல் நேராக உள்ளே போனார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் அது நடந்தது. டைம் ஆபீஸ்காரர் கேட்டில் நின்று ஒரு பேரைக் கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். எனக்கு உறைத்து, கூட்டாளியின் விலாவில் இடித்தேன். "ஏலே, உன்னத்தான்லே!" அந்த வாசலில் தன் பேரைக் கேட்டுப் பழக்கமில்லாததால் அவனுக்கு அது வேறு யாருடைய பேரோ போல இருந்திருக்கிறது. நாலு பேரை நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள், அதில் இவன் ஒருவன். பாய் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாங்கிக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போனான். மாமன் ஜோசியரைப் பார்த்துவிட்டார்.

டாக்டர் சோதனை ஒன்று பாக்கி இருந்தது. அது எல்லாருக்கும் உள்ள நடைமுறைதான். போனவன் மத்தியானம் டீக்கடைக்கு வந்தான். உட்காரவில்லை.

"நெஞ்சுல சத்தம் கேக்காம். அன்ஃபிட்டுன்னுட்டாவ."

அண்ணாச்சி ஒரு டீயை அவன் பக்கம் நீட்டினார்.

"மில்லுப் பஞ்சுதான் சார் உள்ள கெடக்கு, வெளிய இருந்து ஒண்ணும் கொண்டுவரலன்னேன். அவிய எழுதிக்கிட்டே இருந்தாவ."

நிரந்தரத்துக்கு மட்டுமல்ல, பதிலிக்கும் இனி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். யூனியன் ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போனேன். பதிலிக்குச் சங்கத்தில் இடமில்லை என்றார்கள். லேபர் கோர்ட் என்றார் ஒருவர். அவன் சிரித்தான். "அங்கயும் முந்நூறு வருஷந்தான?"

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வன்னியம்பட்டிக்குப் போனேன். வீட்டு வாசலில் நார்க்கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் ஆத்தாள் பிறத்தியார் கொல்லைக்குக் களையெடுக்கப் போயிருந்தாள்.

"என் நம்பர யாருக்குக் குடுத்தான்?"

"தேவதானத்துக்காரன் ஒருத்தனுக்கு."

"நல்லாருக்கட்டும்." மேற்கே மலைக்குமேல் வானத்தைக் கைகாட்டினான். "அவனுக்குப் பேரு?"

"இன்னும் வைக்கல."

"பேரு வைக்கதுக்கு முன்னால அவனையும் டாக்டர்ட்ட காட்டுவானுவளோ? உள்ள என்ன கெடக்காம்?"

"ஐஸுன்னு போட்டிருந்தான்."

"அப்ப அன்ஃபிட்டுத்தான்."

அந்த நேரத்தில்தான் மாமன் வந்தார். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, ஒரு வேட்டி. எங்கள் பக்கத்தில் முறைப்பெண்ணை வெளியில் கொடுப்பதென்றால் முறைமாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டாகவேண்டும். அவன் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டால் சம்மதம். எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. கூட்டாளி என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினான்.

மாமன் கட்டிலில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார், "தம்பி, அவளுக்கும் வயசாகுது. சங்கரன்கோயில்ல ஒரு இடம் வந்திருக்கு. முறை உனக்குத்தான் இருக்கு. நீ ஒரு வார்த்தை சொல்லணும்."

மாப்ள என்று ஒரு தடவைகூட வரவில்லை.

"பையன் பர்மனென்ட்டா மாமா?"

மாமன் தரையைப் பார்த்தார். "கவர்மென்ட்டு வேலப்பா."

"அப்பக் குடுங்க."

வெற்றிலையை எடுத்து, பாக்கை உள்ளே வைத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டான். மாமன் தாம்பாளத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். அப்போது அவனுக்கு இருமல் வந்துவிட்டது. வாயை இறுக மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மாமன் தெருவைத் தாண்டி, பஸ் வரும் ரோட்டில் ஏறி, தலை மறைகிற வரைக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு இருமினான். நான் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அது நிற்கிறதாக இல்லை.