கரடியின் இடது கால்

அந்தக் கரடிய நான்தான் செஞ்சன். இத முதல்லயே சொல்லிப்போடுறன், ஏனெண்டா எங்கட குடும்பத்துக்குள்ளயே சில பேர் இன்னமும் அத காக்கா செஞ்ச கரடி எண்டுதான் கதைக்கிறாங்க. காக்கா என்ட கூடப் பிறந்த மூத்தவர். நல்ல மனிசன்தான், இல்லெண்டு சொல்லல்ல. ஆனா ஊசியில நூல் கோக்கவும் தெரியாது அவருக்கு.

இது ஐம்பதுகள்ல. மருதமுனையில எங்கட வீட்டில ரெண்டு தறி. ஒண்டில வாப்பா, மத்ததில நான். பகலெல்லாம் ஆம்பிளையள் உடுத்துற சாரன் நெய்வம். சாரனில என்ன புதுமை செய்யலாம்? யாவாரி கேட்ட கட்டம், யாவாரி கேட்ட கலர். அதுக்கு மேல ஒரு நூல் மாத்தினா யாவாரி மூஞ்சைச் சுளிப்பார். அதனால எனக்கெண்டு ஒரு வேல வெச்சிருந்தன். வெட்டி எறியிற நூல் துண்டெல்லாம் சேத்து மிருகம் செய்வன். பொம்மை இல்ல, ஆள் உள்ளுக்கு நிண்டு நடக்கிற மிருகம். முதல்ல தம்பிக்கு ஒரு முசல் செஞ்சன், பிறகு ஒரு நரி. யாரும் கேட்டுச் செய்யல்ல. எனக்கு ஆசை, அவ்வளவுதான். உருவம் செய்யிறது மார்க்கத்தில கூடாது எண்டு உம்மா ஏசுவா. கண் வைக்கல்லயே உம்மா, ரெண்டு ஓட்டைதானே விட்டிருக்கன் எண்டு நான் சொல்லுவன். அவவுக்கு அது சமாதானமாகல்ல. நானும் நிப்பாட்டல்ல.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் பள்ளிக்கூட மைதானத்தில விளையாட்டு நடக்கும். கடைசியில வினோத உடைப் போட்டி. வருஷா வருஷம் ஒரு கரடி வரும். சாக்கில கரியப் பூசிப் போத்திக்கிட்டு ஒரு பொடியன் உறுமுவான். எல்லாரும் கை தட்டுவாங்க. எனக்கெண்டா பத்திக்கிட்டு வரும். அது கரடியா? சாக்குக்குள்ள ஒரு ஆள், அவ்வளவுதான்.

ஒருக்கா காட்டு விறகு கொண்டு வந்த வண்டிக்காரர் எங்கட வீட்டு வளவில ஒரு கரடித்தோல விரிச்சுக் காட்டினார். எல்லாரும் நகத்தப் பாத்தாங்க, நான் சடை மயிரப் பாத்தன். கரடி கறுப்பு எண்டு சொல்லுறதெல்லாம் பொய். அடியில கறுப்பு, நுனியில செம்மண் நிறம், நெஞ்சில பழுத்த ஓலை மாதிரி ஒரு வளைவு. கழுத்தில நீளம், வயித்தில ஒண்டுமே இல்ல. அதையெல்லாம் கண்ணுக்குள்ள போட்டு வெச்சன்.

சடைய ஒட்டுறதில்ல, நெய்யிற எண்டு முடிவெடுத்தன். தறியில நெடுக நிக்கிற பாவு நூலுக்குக் குறுக்கால தென்னை ஈர்க்கு ஒண்ட வெச்சி, அதுக்கு மேலால துண்டு நூலச் சுத்தி, ஊடு நூல் சுத்தின நாடாவ ரெண்டு தரம் ஓட்டி இறுக்கி, பிறகு ஈர்க்கு நெடுக கத்தியால அறுத்தா சடை எழும்பி வரும். இத எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல்ல. நாலு தரம் பாழாக்கி அஞ்சாம் தரம் பிடிச்சன். எழும்பின சடைய நீவி நீவி ஒரு பக்கமா விழப் பழக்கினன். வாப்பாட பழைய தோல் செருப்ப அறுத்து மூக்கு வெச்சன். பூவரசங் கம்பச் சீவி இருபது நகம். மத்தியானம் லுஹர் தொழுது போட்டு பின்னேரம் அசர் வரைக்கும் கிடைக்கிற நேரந்தான், மூணு மாசம் போச்சி.

போட்டுக்கிட்டு நடக்க ஆம்பிளை ஒருத்தர் வேணும். காக்கா ஆசையா வந்தார். நான் கேட்டது ஒண்டே ஒண்டுதான். யார் செஞ்ச எண்டு கேட்டா என்ட தங்கச்சி எண்டு சொல்லுங்க. பேர் சொல்லத் தேவல்ல, தங்கச்சி எண்டாப் போதும். ஓம் ஓம், சொல்லுறன் எண்டார்.

மைதானத்தில பொண்டுகளுக்குத் தென்னோலைக் கிடுகு மறைப்புக் கட்டியிருந்தாங்க. அதுக்குப் பின்னால உம்மாவோட நிண்டு இடுக்கால பாத்துக்கிட்டிருந்தன். கரடி வந்திச்சி. கை தட்டவே மறந்திட்டாங்க. ஒரு சின்னப் பிள்ளை கத்திக்கிட்டு ஓடினான். படச்சவனே, எனக்கு அழுகையும் வந்திச்சி, சிரிப்பும் வந்திச்சி.

தலைமை வாத்தியார் கிட்ட வந்து முதுகத் தடவிப் பாத்து, இத யார் செஞ்ச எண்டு கேட்டார். கரடித் தலைக்குள்ள இருந்து காக்காட குரல் நல்லாக் கேட்டிச்சி. "நான்தான் சேர். மூணு மாசம் கஷ்டப்பட்டன்."

உம்மா என்ட கையப் பிடிச்சா. சும்மா நில்லுகா எண்டா. நான் நிண்டன்.

நடுவரில ஒருத்தர் இறக்காமத்துப் போடியார், பெரிய வயல்காரர். வயல் காவலில கரடிய நேரில கண்ட மனிசன். அவர் குந்தி இருந்து ஒவ்வொரு இடமாத் தடவினார். இடது காலில கை நிண்டிச்சி. இதில சடை மேல் நோக்கிப் போகுதே தம்பி, கரடிக்குக் கீழதானே விழும் எண்டார். உண்மைதான். சாரனுக்கு மேல் கீழ் இல்ல, எந்தப் பக்கம் தூக்கி உடுத்தாலும் சாரன்தான். அந்தப் பழக்கத்தில, துணி வீணாகப்படாதெண்டு இடது கால் துண்டத் தலைகீழா வெச்சி வெட்டியிருந்தன். மூணு மாசம் பாத்த என்ட கண்ணுக்கு அது படவே இல்ல.

காக்கா சிரிச்சார். "அது என்ட தங்கச்சி தைச்ச இடம். பொம்புளப்புள்ள வேலதானே."

எல்லாரும் சிரிச்சாங்க. உம்மாட கையில இருந்து என்ட கைய உருவிக்கிட்டு, முக்காட்ட இழுத்து விட்டு, கிடுகத் தள்ளிக்கிட்டு மைதானத்துக்குள்ள போனன். எத்தன ஆம்பிளையள் நிண்டாங்க எண்டு எனக்குத் தெரியா.

"ஓம், அந்தக் கால் நான் தைச்சதுதான்" எண்டன். "பிழை என்ட. அப்ப மத்தக் காலும் என்ட. முதுகும் மூஞ்சியும் என்ட. இல்லெண்டா காக்காட்டக் கேளுங்க, அந்தச் சடைய எப்பிடி நெய்த எண்டு."

போடியார் கேட்டார். காக்கா தலையக் கழட்டினார். வேர்வை வடிய என்னப் பாத்தார், நிலத்தப் பாத்தார். தெரியா எண்டார். போடியார் என்ட பக்கம் திரும்பினார். நான் ஈர்க்கில இருந்து கத்தி வரைக்கும் சொன்னன்.

முதல் பரிசு கரடிக்குத்தான். நடந்தவருக்குக் குடுக்கிறதுதான் சட்டம் எண்டு கோப்பைய காக்காட கையில வெச்சாங்க. அவர் அத என்னட்ட நீட்டினார். நான் வாங்கல்ல.

"நீங்க நடந்ததுக்குத் தந்தது, நீங்களே வெச்சிக்கொள்ளுங்க. என்ட கரடியத் தாங்க."

அவர் சாரனோடயும் பெனியனோடயும் நிக்க, கரடிய வாங்கித் தோளில போட்டன். கிடுகுப் பக்கம் திரும்பிப் போகல்ல. ஆம்பிளையள் நிண்ட பெரிய வாசலாலதான் வெளிய வந்தன், வழி விட்டாங்க.