புஷ்பராணியின் ஜெப விண்ணப்பமும் ஜோனாசின் வலது தோளும்

புஷ்பராணி இன்பநாதன் பருத்தித்துறையில் பிறந்தவர். 1989 இல் கணவரைத் தொடர்ந்து டென்மார்க் வந்து, இக்காஸ்ட் நகரின் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தார். தொழிற்சாலை போலந்துக்குப் பெயர்ந்தபின் முதியோர் பராமரிப்புப் படித்து, அதே ஊரின் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். அவருடைய ஒரே மகன் ஜோனாஸ், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹாண்ட்போல் ஆட்டத்தில் பெயர்பெற்ற வீரன். அவனைப் பற்றிப் பத்திரிகைகள் நிறையவே எழுதிவிட்டன. தாயைப் பற்றி எவரும் எழுதவில்லை. அந்தக் குறைக்காகவே இந்தப் பக்கங்கள்.

ஜோனாஸ் பதினொரு வருடங்கள் ஜெர்மனியில் விளையாடினான். தூரத்தில் நின்று மேலெழும்பி அவன் எறியும் பந்தைக் கோல் காப்பாளர்கள் பார்ப்பதற்குள் அது வலைக்குள் கிடக்கும் என்பார்கள். முப்பத்தாறு வயதில், மனைவியோடும் மகளோடும் ஊர் திரும்ப விரும்பினான். ஹேர்னிங்குக்கு அருகிலுள்ள கழகம் ஒன்று இரண்டு வருட ஒப்பந்தத்தோடு முன்வந்தது. அக்கழகம் அதுவரை எவருக்கும் கொடுத்திராத தொகை என்று பத்திரிகை எழுதியது. இரு தரப்பும் உறுதிப்படுத்தாத அந்தத் தொகை இங்கே குறிக்கப்படவில்லை. ஒன்று மட்டும் உறுதி: அந்தப் பணம் அவனுடைய எறிக்குத்தான். புகையிரத நிலைய வீதியில், கையை ஓங்கியபடி அவன் நிற்கும் பெரிய பதாகையை ஒப்பந்தம் கையெழுத்தாகு முன்னரே கட்டிவிட்டார்கள்.

கையெழுத்துக்கு முன் மீதியிருந்தது வைத்தியப் பரிசோதனை. அதற்கு வசந்தகாலத்தின் ஒரு புதன்கிழமை குறிக்கப்பட்டது. அதில் தவறினால் வளைகுடா நாடான கட்டாரில் வேறொரு கழகம் காத்திருந்தது. அங்கே போனால் பேத்தியைக் கோடை விடுமுறையில் மட்டுமே பார்க்கலாம் என்பது புஷ்பராணிக்குத் தெரியும். வீட்டார் நால்வர் மட்டும் அறிந்த இன்னொன்றும் அவருக்குத் தெரியும். ஜெர்மனியில் விளையாடிய கடைசி ஆட்டப் பருவத்தில் ஜோனாசின் வலது தோளில் தசைநார் கிழிந்திருந்தது. ஊசி போட்டுக்கொண்டு விளையாடினான். பலமாகச் சில தடவை எறிந்தபின் கை மேலே எழும்பாது. வைத்தியர் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வது, கேளாததைச் சொல்லாமல் விடுவது என்பதே அவன் முடிவு.

அந்தப் புதனுக்கு முந்திய ஞாயிறன்று, ஹேர்னிங்கில் தமிழ்ச் சபையின் ஆராதனை நடந்தது. தமிழ் சரியாக விளங்காத பிள்ளைகளுக்காக அங்கே காதுக்கருவிகள் கொடுப்பார்கள். பின்னால் இருக்கும் சிறிய கண்ணாடி அறையில் ஒருவர் அமர்ந்து, மேடையில் பேசப்படுவதை உடனுக்குடன் டெனிஷில் சொல்லுவார். அன்று அங்கே இருந்தவள் கிருபாஷினி, புஷ்பராணியின் நெடுநாள் தோழி மேர்சியின் மகள். அவளை மணக்க இருந்த மட்ஸ் என்ற டெனிஷ் இளைஞன் பின்வரிசையில் காதுக்கருவியோடு அமர்ந்திருந்தான். மட்ஸ் அதே ஹாண்ட்போல் கழகத்தின் அலுவலகத்தில், கழகத்துக்கு விளம்பரப் பணம் கொடுக்கும் அனுசரணையாளர்களைச் சேர்க்கும் பகுதியில் வேலை செய்தான்.

போதகர் ஜெப விண்ணப்பங்களைக் கேட்டார். புஷ்பராணி எழுந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

“என்ர மகன் ஜோனாசுக்காக ஜெபியுங்கோ. அவன்ர வலது தோள் கிழிஞ்சு போச்சு. கையை உயர்த்தேலாமல் கிடக்கு. புதன்கிழமை டொக்டர் பார்க்கேக்க ஒண்டும் தெரியாமல் கர்த்தர் மறைச்சுக் காக்கவேணும்.”

சபை ஆமென் சொன்னது. அந்த ஓசை அடங்கிய சிறிது நேரத்தில் பின்வரிசையில் மட்ஸ் தலையை நிமிர்த்தினான். புஷ்பராணி அதைக் கண்டார். ஒலிவாங்கி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

ஆராதனை முடிந்து கோப்பியும் ரோல்ஸும் பரிமாறும் நேரத்தில் மட்ஸ் அவரிடம் வந்தான்.

“காதுக்கருவியில் என்ன கேட்டீர்?” என்று புஷ்பராணி டெனிஷில் வினவினார்.

“எல்லாவற்றையும்” என்றான் அவன். “கிருபாஷினி நன்றாக மொழிபெயர்ப்பாள்.”

சமையலறைக்குள் மேர்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். “அக்கா, நீங்கள் கர்த்தரிட்டச் சொன்னியள். கர்த்தருக்கு முதல் மட்ஸுக்குப் போயிட்டுது” என்றார். தன் பகிடிக்குத் தானே சிரிக்கத் தொடங்கியவர், புஷ்பராணியின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

கிருபாஷினி கண்கலங்கி நின்றாள். “அன்ரி, நான் ஒரு சொல்லும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.”

“குறைச்சிருக்கலாமே, பிள்ளை.”

“ஜெபத்தை எப்படிக் குறைக்கிறது, அன்ரி?”

மட்ஸ் தன் நிலையை மறைக்கவில்லை. புதன் வரை தானாக எவரிடமும் சொல்லமாட்டான். சொல்ல வேண்டியவன் ஜோனாஸ். “அந்தக் கையைக் காட்டித்தான் நான் அனுசரணை வாங்கினேன். அவர் மறைத்துக் கையெழுத்திட்டால், நானும் தெரிந்துகொண்டு பொய் சொன்னவனாவேன். அப்படியே தொடர்ந்து அங்கே வேலை செய்ய என்னால் முடியாது.”

வீடு திரும்பும் காரில் கணவர் இன்பநாதன் வீதியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“இஞ்சேரும், மட்ஸ் நல்ல பெடியன். அவன் வாய் திறக்கமாட்டான். நீர் சும்மா இரும்.”

“அவன் திறக்காட்டில் என்னப்பா? நான் திறந்திட்டனே.”

“ஜோனாசிட்டச் சொன்னீரெண்டால் அவன் இனி எங்கட வாசலுக்கும் வரான். கட்டாருக்குப் போக முதலே போன மாதிரித்தான்.”

மறுநாள் வேலை முடிந்ததும் புஷ்பராணி, சீருடையை மாற்றாமலே காரை எடுத்துக்கொண்டு மகனுடைய வீட்டுக்குப் போனார்.

ஜோனாஸ் சமையலறையில் மகளுக்கு அப்பிள் வெட்டிக்கொண்டிருந்தான். கத்தி இடது கையில் இருந்தது. அவன் தாயோடு எப்போதும் டெனிஷில்தான் பேசுவான். அவன் பேச்சு இங்கே தமிழில் தரப்படுகிறது. புஷ்பராணி உட்காராமலே நடந்ததைச் சொன்னார். பேத்தி தட்டை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போனபின்தான் அவன் கேட்டான்.

“எத்தனை பேர் கேட்டார்கள்?”

“சபை முழுக்க.”

“தமிழில்தானே சொன்னீர்கள்?”

“டெனிஷிலையும் போயிட்டுது.”

அவன் கத்தியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டான். “முப்பது வருடம் இந்தத் தோளால் உழைத்திருக்கிறேன். கடைசியாக ஒருமுறை அதற்கு விலை கிடைக்கிறது. அதை ஒலிவாங்கியில் சொல்லிவிட்டீர்கள்.”

“நீ இஞ்ச நிக்கவேணுமெண்டுதான் கேட்டனான்.”

“நான் உங்களோடு இருந்த காலத்தில் உங்கள் தோள் நொந்ததை முதியோர் இல்லத்தில் சொன்னீர்களா? இரவில் நீங்கள் முனகுவது சுவருக்கு அந்தப் பக்கம் எனக்குக் கேட்டது, அம்மா. எவரிடமும் சொல்லவில்லைத்தானே?”

புஷ்பராணி கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“ஓம். கனகாலம் ஒளிச்சனான். ஒருநாள் ஒரு பெரியவரைக் கட்டிலால தூக்கேக்க என்ர கை விட்டிட்டுது. பக்கத்தில நிண்ட பிள்ளை பாய்ஞ்சு பிடிச்சபடியால் அவர் விழேல்லை. அவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகுதான் சொன்னனான்.”

“வேலையால் நிறுத்தினார்களா?”

“இல்லை. தூக்கிற வேலையை எடுத்துப்போட்டு, மணித்தியாலத்தையும் குறைச்சினம். மற்றவையள் தூக்கேக்க நான் தலையணையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். வெக்கமாத்தான் கிடந்தது.”

“தலையணை பிடிக்கிறவனுக்கு யாரும் ஒப்பந்தம் கொடுப்பதில்லை” என்றான் ஜோனாஸ். “போங்கள், அம்மா.”

வழக்கமாக அவன் காரடி வரை வந்து வழியனுப்புவான். அன்று வரவில்லை.

புதனன்று புஷ்பராணிக்குப் பகல் வேலை. வேலை நேரத்தில் கைத்தொலைபேசியைப் பெட்டகத்தில் வைக்கும் அவர், அன்று அதைச் சீருடைப் பையில் வைத்திருந்தார். அது ஒலிக்கவேயில்லை. மாலையில் இன்பநாதன்தான் செய்தியைப் படித்துச் சொன்னார்: கையெழுத்து பிற்போடப்பட்டுள்ளது, காரணம் தெரிவிக்கப்படவில்லை.

என்ன நடந்தது என்பதை ஜோனாசின் மனைவி பின்னர் சொன்னாள். வைத்தியர் முதற் கேள்வியைக் கேட்கு முன்னரே ஜோனாஸ் சட்டையைக் கழற்றி, தோளைக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஸ்கான் எடுத்தார்கள். கழகம் இரண்டு வருட ஒப்பந்தத்தை மீளப்பெற்றது. செய்தி பரவியதும் கட்டார்க் கழகமும் பின்வாங்கியது. புகையிரத நிலைய வீதியிலிருந்த பதாகை ஒரு காலையில் காணாமற்போயிருந்தது. வேலைக்குப் போகும் வழியில் வெறும் கம்பிகளைப் புஷ்பராணி பார்த்தார். அவருடைய அழைப்புகளுக்கு ஜோனாஸ் பதிலளிக்கவில்லை. ஞாயிறுகளில் அவனுக்கென்று எடுத்துவைத்த இறைச்சிக்கறியை இன்பநாதன் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தார். சபையில் போதகர் விண்ணப்பம் கேட்டபோதெல்லாம் புஷ்பராணி மடியில் கைகளைக் கோத்தபடி இருந்தார்.

கோடையின் நடுவில் கழகம் மீண்டும் அவனை அழைத்தது. ஒரே ஒரு பருவம், முன்னர் பேசிய தொகையோடு ஒப்பிட முடியாத சிறு தொகை, தடுப்பாட்டம் மட்டும். எதிரணி பந்தோடு வரும்போது அவன் உள்ளே நிற்கவேண்டும். தன் அணிக்குப் பந்து கிடைத்ததும் மாற்று வீரர்கள் அமரும் வாங்குக்கு ஓடிவிட, அவனுடைய இடத்தில் வேறொருவன் எறியப் போவான். ஜோனாஸ் கையெழுத்திட்டான். இதையும் மனைவிதான் சொன்னாள்.

செப்டெம்பரில் முதல் ஆட்டத்துக்குப் புஷ்பராணியும் இன்பநாதனும் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிப் போனார்கள். ஜோனாஸ் உள்ளே ஓடினான், தடுத்தான், வாங்குக்கு ஓடினான், மறுபடி உள்ளே ஓடினான். பின்னால் இருந்த ஒருவர் தன் நண்பரிடம், “பீரங்கி வாங்கப் போய் வேலி வாங்கி வந்திருக்கிறோம்” என்றார். இன்பநாதன் திரும்பிப் பார்க்க முயன்றபோது புஷ்பராணி அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

கடைசி நிமிடத்தில் இரு அணிகளும் சமநிலையில் இருந்தன. எதிரணி தாக்குதலுக்கு மேலும் ஒருவரைச் சேர்ப்பதற்காகத் தன் கோல் காப்பாளரை வெளியே எடுத்திருந்தது. அவர்களுடைய பந்தொன்று ஜோனாசின் கையில் பட்டுத் தெறித்து, அவன் நெஞ்சோடு வந்து சேர்ந்தது. எதிர் முனையில் கோல் வெறுமையாகத் திறந்து கிடந்தது. அரங்கம் எழுந்து அவனை எறியச் சொல்லிக் கத்தியது. அவனுடைய வலது கை பின்னால் போவதைப் புஷ்பராணி கண்டார். அது தோள்மட்டத்தில் நின்றது. ஜோனாஸ் பந்தை இடது கைக்கு மாற்றி, பக்கத்தில் ஓடிய தன் அணி வீரன் ஒருவனுக்குத் தட்டிவிட்டு, பின்னால் பாராமல் வாங்கை நோக்கி ஓடினான். பந்து வலைக்குள் விழுந்தபோது அவன் உட்கார்ந்திருந்தான்.

ஆட்டம் முடிந்தபின் நடைபாதையில், இடது கையில் மகளைத் தூக்கிக்கொண்டு அவன் பெற்றோரின் முன் வந்து நின்றான். வசந்தத்துக்குப் பிறகு தாயோடு அவன் பேசியது அதுவே முதல் தடவை.

“ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் என்ன சொல்லப்போகிறீர்கள்?”

“நீ சொல்லச் சொல்லுறதை” என்றார் புஷ்பராணி.

அவன் யோசித்தான். “ஒரு வருடம் இங்கே இருக்கிறேன் என்று சொல்லுங்கள். தோளைப் பற்றியும் சொல்லலாம். அதுதான் எல்லோருக்கும் தெரியுமே.” மகளை இன்பநாதனிடம் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “முழங்காலைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டாம்.”

புஷ்பராணி குனிந்து அவனுடைய முழங்காலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

“டொக்டருக்குத் தெரியுமோ?”

“தெரியும், அம்மா” என்றான் ஜோனாஸ். “அவரிடம் முதலே சொல்லிவிட்டேன்.”