எங்கள் வீட்டு அகல டிவி

என் கனவில் வருகிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் குண்டு. ஒல்லிப்பிச்சானாக இருந்த என் கணக்கு வாத்தியார்கூடக் கனவில் உப்பிய கன்னத்தோடுதான் வருவார். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். கனவில் அதே தெருவில் பஸ் போகும். அங்கே நிலா வட்டமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. படுக்க வைத்த முட்டை மாதிரி, கொஞ்சம் சோம்பேறியாக, ஆகாயத்தில் கிடக்கும். இதற்கெல்லாம் ஒரு டிவிதான் காரணம் என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் வளர்ந்த வீட்டில் சாதாரண டிவி.

எங்கள் டிவி பிரான்சிலிருந்து வந்தது. அம்மாவின் அண்ணன் அந்த ஊர்ப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் வேலை முடிந்து திரும்பியபோது கப்பலில் வந்த சாமான்களில் இரண்டு டிவி இருந்தது. ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஊரில் இருந்த டிவியெல்லாம் ஏறக்குறைய சதுரமாக இருக்கும். இது மட்டும் அகலம். பின்பக்கம் மற்ற டிவி மாதிரியே கூன் விழுந்து, மேஜையையே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த அகலத்துக்கு ஏற்ற படம் எதுவும் இங்கே ஒளிபரப்பாகவில்லை. அதனால் வருகிற படத்தை எல்லாம் டிவியே இரண்டு பக்கமும் இழுத்து நிரப்பிக்கொண்டது. செய்தி வாசிக்கிறவர்கள் குண்டு, கிரிக்கெட் ஆடுகிறவர்கள் குண்டு, பந்து முட்டை. சரிசெய்ய ரிமோட்டில் ஒரு பொத்தான் இருந்திருக்கும். மேலே எழுதியிருந்ததெல்லாம் பிரெஞ்சு. மாமாவுக்கு பிரெஞ்சு தெரியும், பொறுமை கிடையாது. எங்களுக்கு இரண்டும் கிடையாது. படம் முழுசாத் தெரிகிறதல்லவா, அப்புறம் என்ன என்பது அம்மாவின் கட்சி.

அந்த டிவியில்தான் அண்ணனும் நானும் வீடியோ கேம் கேசட் போட்டு விளையாடினோம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கேசட். இரண்டு தொப்பிக்காரர்கள் பாலங்களும் கூரைகளுமாக வலப்பக்கம் ஓடிக்கொண்டே இருப்பார்கள். சிவப்புத் தொப்பி அண்ணன், நீலத் தொப்பி நான். பாலத்தில் அங்கங்கே பலகை இருக்காது, தாண்ட வேண்டும். முன்னால் போகிறவன் திரையின் ஓரத்தை முட்டினால் நின்றுவிட வேண்டியதுதான். பின்னால் இருப்பவனும் வந்து சேர்ந்தால்தான் படம் நகரும். அண்ணன் எப்போதும் முன்னால் போய் ஓரத்தில் நின்றுகொண்டு, குதித்துக் குதித்து, வா பாப்பா, வா பாப்பா என்று உயிரை வாங்குவான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆரம்பித்தால் கடல் காற்று திரும்புகிறவரைக்கும் ஓட்டம்தான். தொப்பிக்காரர்களின் தலைக்கு மேல் அந்த முட்டை நிலா கூடவே வரும்.

பக்கத்து வீட்டிலும் அதே கேசட் இருந்தது. ஒரு நாள் அங்கே போய்ப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்கள் வீட்டுத் தொப்பிக்காரர்கள் ஒல்லியாக, கன்னம் ஒட்டி, பார்க்கவே பாவமாக இருந்தார்கள். அண்ணன் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, இது டூப்ளிகேட் என்று தீர்ப்புச் சொன்னான். அந்த வீட்டுப் பிள்ளைகள் அழுதே விட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டு ஆட்களுக்குச் சாப்பாடே இல்லை போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல, அம்மா நான் சொன்னது நிஜ ஆட்களை என்று நினைத்து ஒரு கிண்ணம் மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள். அவர்களும் வாங்கிச் சாப்பிட்டார்கள். எங்கள் குழம்பு அப்படி.

அம்மா இயல்பிலேயே ஒல்லி. காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஊரே கேலி செய்யும். மாமா மகளின் கல்யாண வீடியோவை அந்த டிவியில் போட்டபோதுதான் அவள் தன்னை முதல்முறையாகக் குண்டாகப் பார்த்தாள். கோவிலிலிருந்து வெளியே வருகிற கூட்டத்தில், பட்டுப் புடவையில், நிறைந்த கன்னத்தோடு ஒருத்தி சிரித்துக்கொண்டு வந்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பப் போடச் சொன்னாள். "இதுலதான்டி நான் நல்லா இருக்கேன்" என்றாள். அதற்குப் பிறகு மத்தியான வேளையில், நாங்கள் தூங்குகிறோம் என்று நினைத்து, அவளே அந்த வீடியோவைப் போட்டுப் பார்ப்பாள். நான் பாயில் படுத்தபடி ஒரு கண்ணைத் திறந்து, அவள் அவளைப் பார்ப்பதைப் பார்ப்பேன்.

பிறகு அண்ணன் பிரான்சுக்குப் போனான். மாமா வழியில் ஏற்பாடு, போன இடத்தில் வேலை. அங்கேயே தங்கிவிட்டான். அவன் போய்ச் சில வருடங்களில் அம்மாவுக்கு உடம்புக்கு வந்தது. வயிற்றில் கட்டி. ஒல்லியாக இருந்தவள் இன்னும் கரைந்தாள். அண்ணனிடம் போனில் குரலை நிமிர்த்திப் பேசுவாள். அவனோ, முகத்தைக் காட்டு, முகத்தைக் காட்டு என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் யாராவது பாரிசுக்குக் கிளம்பினால் நான்கு வீட்டுப் பொட்டலம் அவர்களோடு கிளம்பும். அப்படி ஒருவர் கிளம்பினார். அவரிடம் கருவாட்டோடும் ஊறுகாயோடும் ஒரு சிடியும் கொடுத்தனுப்பலாம் என்று முடிவானது. அம்மா சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் சின்ன கேமராவில் எடுத்தேன்.

எடுத்ததைப் பார்த்துவிட்டு அம்மா கேமராவை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்ப பழைய டிவில தெரியற மாதிரி பண்ணி அனுப்பு பாப்பா. அவன் அங்க ஒண்டியா கெடக்கறான்" என்றாள்.

நான் செய்தேன். அப்போது லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்குப் புதிதாக வேலை. சாப்பாட்டு இடைவேளையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அம்மாவை இரண்டு பக்கமும் இழுத்தேன். இருபது நிமிட வேலை. ஒட்டிய கன்னம் நிரம்பியது. கழுத்து எலும்பு மறைந்தது. எனக்கே நெஞ்சு லேசாகிப்போனது என்பதுதான் வெட்கக்கேடு. அண்ணன் பார்த்துவிட்டுப் போன் செய்தான். அம்மா நல்லாத்தான் இருக்கிறாள், கிறிஸ்துமசுக்கு லீவு போட்டு நிதானமாக வருகிறேன் என்றான். அம்மா கிறிஸ்துமஸ் வரை இல்லை. அவன் வந்து இறங்கியபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

பதினான்கு வருடமாக இதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லாதது போதாது என்று அவன் மேல் கோபம் வேறு. பெற்றவளைப் பார்க்க வராதவன் என்று மனதுக்குள் திட்டித் திட்டி என் பங்கை மறைத்துக்கொண்டேன். அவனும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவான், ஒயிட் டவுனில் ஓட்டலில் தங்குவான், வீட்டுக்கு வந்து வெயிலைப் பற்றியும் இறால் விலையைப் பற்றியும் பேசிவிட்டுப் போவான். சொந்த ஊரில் டூரிஸ்ட். இந்த வருடம் தொடர்ந்து நான்கு நாள் விடுமுறை வந்து ஊரில் ஓட்டல் எல்லாம் நிரம்பிவிட்டதால், வேறு வழியில்லாமல் என் வீட்டில் தங்கினான்.

வந்த மறுநாள் மத்தியானம். வீட்டுக்காரரும் மகளும் வெளியே போயிருந்தார்கள். சாப்பிட்டு முடித்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஊரோடு சேர்ந்து நாங்களும் மந்தமாகிக் கிடந்தோம். அண்ணன் பெட்டியிலிருந்து சோப்பு டப்பா அளவு ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்தான். பழைய கேசட் விளையாட்டு எல்லாம் இதற்குள் இருக்கிறது என்றான். டிவியில் செருகினான். எங்கள் தொப்பிக்காரர்களின் பாட்டு கேட்டது. எனக்குப் பாயும் மத்தியானமும் அம்மாவின் முதுகும் சேர்ந்தாற்போல் வந்தன.

ஆனால் திரையின் நடுவில் மட்டும் படம். இரண்டு பக்கமும் கறுப்பு. நடுவே அந்த ஒல்லித் தொப்பிக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். மேலே நிலா வட்டமாக இருந்தது.

நான் ரிமோட்டை எடுத்துப் படத்தை இழுத்து முழுத் திரைக்கும் நிரப்பினேன். அண்ணன் வாங்கிப் பழையபடி மாற்றினான். நான் மறுபடி இழுத்தேன். இதை உருவாக்கினவர்கள் சதுர டிவிக்குத்தான் வரைந்தார்கள், வட்டம் வட்டமாகவே தெரிய வேண்டும் என்று அவன் பாடம் எடுக்க ஆரம்பித்தான். நம் வீட்டில் நிலா முட்டைதான், எனக்கு அதுதான் அசல் என்றேன். குரல் உயர்ந்தது எனக்கே தெரிந்தது. நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர் ஒரு ரிமோட்டுக்கு மல்லுக்கு நிற்கிறோம்.

கடைசியில் அவன் சொன்னபடியே ஆடினோம். முதல் பாலத்திலேயே விழுந்தேன். மறுபடி விழுந்தேன். இடைவெளி சின்னதாகத் தெரிகிறது, கைக்கு வேறு அகலம் பழக்கம். ஏழெட்டு முறை நீலத் தொப்பி ஆற்றில் போனது. அண்ணன் மட்டும் தாண்டிப்போய் ஓரத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை முட்டியது. இழுத்து வைத்தால்தான் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்டேன்.

"இழுத்தா அது பொய்யாயிடும் பாப்பா."

சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. கையில் இருந்ததைத் தரையில் வைத்துவிட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சிடி, நாற்காலி, சாப்பாட்டு இடைவேளை, இருபது நிமிடம். அம்மா கேட்டாள் என்பதைக் கடைசியில்தான் சொன்னேன். அதை முதலில் சொன்னால் பழியை அம்மா மேல் போட்டதாகிவிடும் என்று தோன்றியது. திரையில் சிவப்புத் தொப்பி ஓரத்தில் அசையாமல் நின்றது.

வெளியே ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது, தெருமுனை வரைக்கும் கேட்டது.

"அம்மா தலைக்கு மேல செவுத்துல கடியாரம் இருந்துச்சி" என்றான். "அது முட்டையா இருந்துச்சி. பார்த்ததுமே தெரிஞ்சிடுச்சி."

அந்தக் கடிகாரத்தை நான் கவனிக்கவே இல்லை. அம்மாவின் கன்னத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு வேலை செய்திருக்கிறேன்.

"தெரிஞ்சுமா வரல?" என்று கேட்டேன். பதினான்கு வருடக் கோபமும் அதில் இருந்தது.

"ஒரே ஒரு தடவ சரி பண்ணிப் பார்த்தேன். தாங்கல. மறுபடியும் இழுத்து வெச்சிட்டேன். குண்டா இருக்கற அம்மாவுக்கு கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் இருக்குன்னு நெனச்சிக்கிட்டேன்."

எழுந்து அவனை அறைந்துவிடலாம் போலவும், அவன் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. நான் பொய்யை அனுப்பினேன், அவன் பொய் என்று தெரிந்தே வாங்கி வைத்துக்கொண்டான். இத்தனை வருடமாக இருவரும் ஒரே பொட்டலத்தை இரண்டு தேசத்தில் ஒளித்து வைத்திருந்திருக்கிறோம். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தனியாகச் சுமந்த பாரம் போய்விட்டது.

அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். போனில் இருக்கிறது என்றான். போடு என்றேன்.

டிவியில் அம்மா வந்தாள். நிறைந்த கன்னம், அகலமான தோள், என் கனவில் வருகிற அதே அம்மா. தலைக்கு மேல் முட்டைக் கடிகாரம். அண்ணன் ரிமோட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். பொத்தானை அமுக்கினேன். இரண்டு பக்கமும் கறுப்பு வந்து நெருங்கியது. கடிகாரம் வட்டமானது. நடுவில் எங்கள் அம்மா, எலும்பும் தோலுமாக, பெரிய கண்களோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகனை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொன்னாள். கிறிஸ்துமசுக்கு வந்தால் போதும், அவசரம் ஒன்றுமில்லை என்றாள். அவ்வளவுதான் என்று கேமராவைப் பார்த்துச் சைகை காட்டினாள். நான் நிறுத்தப்போகிற நேரத்தில் புடவைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு, "நல்லா தெரியறனா?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் பதில் சொல்லாமல் கேமராவை அணைத்திருந்தேன். அவள் அந்தக் கேள்வியோடு அப்படியே திரையில் நின்றாள்.

அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"நல்லா தெரியறம்மா" என்றான்.