பொன்னாடை வேண்டாத என் கணவர்

ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் தமிழ்ப் பாடசாலை விழாக்களுக்கு ஒலிபெருக்கி பூட்டுபவர் என் கணவர். ஒரு மார்கழி விழாவில், அவருக்கு முன்கூட்டியே சொல்லாமல், மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினோம். மண்டபமே எழுந்து கைதட்டியது. அவர் காதுகளைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டார். அவருடைய ஜாக்கெட் அவர் இருந்த கதிரையிலேயே கிடந்தது.

தேடி அலைந்து, கடைசியில் பேருந்துத் தரிப்பிடத்தில் கண்டேன். குளிரில் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. எனக்கு அழுகைகூட வரவில்லை. மனம் மரத்துப்போயிருந்தது.

“என்னப்பா இது? உங்களைப் பாராட்டத்தானே கூப்பிட்டனாங்கள்?”

“அந்தக் கைதட்டல் எனக்கு ஏலாதப்பா. கடைசி வரிசைக்கு ஸ்பீக்கர் சத்தம் வடிவாக் கேட்டதோ?”

அவருக்கு ஓட்டிச இயல்புகள் இருப்பதாகவும், அதனால்தான் திடீர்ச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை என்றும் பிறகு மருத்துவர் சொன்னார்.

இப்போது விழாக்களில் நான் கடைசி வரிசையில்தான் இருக்கிறேன். எல்லாம் முடிந்து அவர் வயர் சுற்றும்போது அருகில் போய், “கடைசி வரிசை வரைக்கும் வடிவாக் கேட்டது” என்பேன். அப்போதுதான் சிரிப்பார்.